கமிஷன் புரிகிறது, சாதி மட்டும் புரியவில்லையாம்

சாதி பற்றி எந்தப் பெரிய டெக் கம்பெனியிடம் கேட்டாலும் பதிலின் சாரம் ஒன்றுதான்: அது சிக்கலான உள்ளூர்ச் சமாச்சாரம், எங்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம் தோழர்களே.

2024 மார்ச் 1 அன்று கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து பத்து இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைத் தூக்கத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. வயது, படிப்பு, சம்பளத்தோடு சாதியையும் உட்சாதியையும் வைத்து வரன்களை வடிகட்டித் தருகிற செயலி. செய்தியைப் பார்த்த முதல் நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அது போய்விட்டது. செயலிக்குள் நடக்கும் பணப் பரிவர்த்தனையில் கூகுளுக்குச் சேர வேண்டிய கமிஷனில் தகராறாம். ஒன்றிய அமைச்சர் தலையிட்டார், சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. சாதிவாரியாக மனிதர்களை அடுக்கிக் காட்டும் கடை அத்தனை வருடம் அவர்கள் இடத்தில் நடந்ததில் எந்தக் கொள்கைக்கும் பங்கம் வரவில்லை. வாடகையில் குறை வந்தபோதுதான் ஷட்டரை இறக்கினார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2018 நவம்பரில் ட்விட்டரின் அன்றைய தலைமை நிர்வாகி ஜாக் டார்சி இந்தியா வந்திருந்தார். பெண் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் கலந்துகொண்ட ஒரு சந்திப்பில், தலித் செயற்பாட்டாளர் ஒருவர் கொடுத்த பதாகையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கு என்பது அதிலிருந்த வாசகம். படம் வெளியானதும் ஆதிக்க சாதி ட்விட்டர் கொதித்தது. உடனே அந்தக் கம்பெனியின் சட்டப் பிரிவுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், அது எங்கள் கருத்தைப் பிரதிபலிக்கவில்லை என்றார். அதே தளத்தில் தலித் பெண்களுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த வசவுகளுக்கு இந்த வேகத்தில் ஒரு மன்னிப்பு வந்து நான் பார்த்ததில்லை. பதாகையை வரைந்தவர் தேன்மொழி சௌந்தரராஜன், அமெரிக்காவில் வாழும் தமிழ்த் தலித்.

அதே தேன்மொழியைத்தான் 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கம்பெனிக்குள்ளிருந்த சில ஊழியர்கள் மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள்: இவர் இந்து விரோதி, இவர் பேசினால் எங்கள் உயிருக்கே பாதுகாப்பில்லை என்கிற ரகம். பேச்சு ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா மீது விசாரணை வந்தது, அவர் வேலையை விட்டு வெளியேறினார். சாதிப் பாகுபாட்டுக்கு எங்கள் நிறுவனத்தில் இடமில்லை, ஆனால் இந்தப் பேச்சு ஊழியர்களிடையே பிளவை உண்டாக்குகிறது என்பது கூகுள் தரப்பின் விளக்கம்.

இந்த விளக்கத்தைத் தமிழ்நாட்டில் யாரும் நமக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நாங்களும் வருவோம் என்று தலித் மக்கள் கேட்டார்கள். அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். உள்ளே விடாதவனைக் கேட்காமல், உள்ளே வர நினைத்தவனால்தான் சட்டம் ஒழுங்கு கெடுகிறது என்று எழுதிக்கொள்ளும் வட்டாட்சியர் அலுவலக மூளை கலிபோர்னியாவிலும் இருக்கிறது. அங்கே ஏசி இருக்கிறது, காபி இலவசம், அவ்வளவுதான் வித்தியாசம். பேச அனுமதியுங்கள் என்று தேன்மொழி நேரடியாக சுந்தர் பிச்சையிடமே முறையிட்டார். பிச்சை சென்னையில் வளர்ந்தவர். சாதி என்றால் என்னவென்று அவருக்கு யாராவது வகுப்பெடுக்க வேண்டுமா?

ஆப்பிள், ஐபிஎம் போன்றவை ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்திருக்கின்றன, சரி. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, நல்லது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் இரு அவைகளிலும் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதுமாம். எல்லா நாட்டிலும் ஆளுநர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போலத் தெரிகிறது.

ஃபேஸ்புக் இன்னும் வெளிப்படை. அதன் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதி உண்டு. எழுதி வைத்த விதி எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதுதான் கதை. தெலங்கானா பாஜக எம்.எல்.ஏ. ராஜா சிங் முஸ்லிம்களுக்கு எதிராக எழுதிய பதிவுகள் விதிமீறல் என்று உள்ளே கண்காணிப்பவர்களே சொன்ன பிறகும், ஆளுங்கட்சிக்காரர் மீது கை வைத்தால் இந்தியாவில் வியாபாரம் பாதிக்கும் என்று கம்பெனியின் இந்தியக் கொள்கைத் தலைவர் அங்கி தாஸ் தடுத்ததாக 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. விவகாரம் நாறிய பிறகுதான் ராஜா சிங்குக்குத் தடை வந்தது. வியாபாரம் என்றால் எவ்வளவு? அதே ஆண்டு ஏப்ரலில் ஃபேஸ்புக் அம்பானியின் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் போட்ட பணம் 43,574 கோடி ரூபாய். ஜூலையில் கூகுள் அறிவித்தது 33,737 கோடி. இத்தனை கோடியை ஒரு நாட்டில் இறக்கியவன் அந்த நாட்டு ஆட்சியாளரின் முகம் பார்த்துத்தான் பேசுவான். இதைப் புரிந்துகொள்ள மார்க்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை, ஊரில் ஒரு காண்ட்ராக்டரைத் தெரிந்திருந்தால் போதும்.

எனக்குக் கோபம் அதிகம் வருவது இதிலெல்லாம் இல்லை. விளையாட்டில்.

வேலை முடிந்து இரவில் மொபைலில் துப்பாக்கி விளையாட்டு ஒன்று ஆடுவேன். பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நான்கு பேர் ஒரு அணி, மைக்கில் பேசிக்கொள்ளலாம். முகம் தெரியாது, பெயரும் புனைபெயர். சாதியே இல்லாத இடம் என்று நினைக்கத் தோன்றும். விமானத்திலிருந்து குதிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். அண்ணா எந்த ஊரு? மதுரைப் பக்கம். மதுரையில எங்க? ஊர்ப் பெயரைச் சொல்வேன். ஊருக்குள்ளயா, காலனியா? குரலை வைத்துப் பார்த்தால் கேட்கிற பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. காலனிதான் தம்பி என்று சொன்ன பிறகு சில நாள் மைக் அணைந்துவிடும், சில நாள் வசவு வரும். ஒருமுறை என் அணிக்காரனே என் காலடியில் குண்டு போட்டான். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பு இன்னும் லாபி வரை வந்து சேரவில்லை.

புகார் செய்யலாமே என்பீர்கள். செய்தேன். பட்டியலில் ஏமாற்று வேலை உண்டு, எதிரணியோடு கூட்டு உண்டு, ஆபாசப் பேச்சு உண்டு. சாதி இல்லை. ஆங்கிலக் கெட்ட வார்த்தை எழுதினால் நட்சத்திரக் குறிகளாக மாறிவிடுகிறது, நம் ஊர்ச் சாதி வசவை ஆங்கில எழுத்தில் அடித்தால் அப்படியே போய்ச் சேர்கிறது. கில்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: சாதிப் பெயர், பின்னால் பாய்ஸ், இரண்டு பக்கமும் வாள் படம். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூட வாசலில் கயிற்றை அறுத்தாலும் அதே பையன் வீட்டுக்குப் போய் அதே பெயரில் கில்டு நடத்துகிறான், அதற்கு வாரப் பரிசும் வாங்குகிறான்.

இதை அந்தத் துறையால் தடுக்க முடியாதா? நான் ஆடுவது வேறொன்று, ஆனாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜி, 2021-ல் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பாகத் திரும்பியது. அரசை உறுத்தாமல் இருக்க அதில் ரத்தத்தைப் பச்சை நிறமாக்கினார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். சந்தை போய்விடும் என்றால் ரத்தத்தின் நிறத்தையே மாற்றத் தெரிந்த தொழிலுக்கு, நூறு தமிழ் வசவுகளின் பட்டியல் போடத் தெரியாதாம்.

இங்கே சில தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்தத் தளங்கள் இல்லையென்றால் நம் குரல் யாருக்குக் கேட்டிருக்கும் என்பார்கள். அது நியாயமான கேள்விதான். 2019-ல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் ஆராய்ந்த ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106-ல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அந்த வாசல்காரர்களைத் தாண்டி ஓர் ஆணவக் கொலைச் செய்தியை இரவோடு இரவாக ஊர் முழுக்கக் கொண்டுபோக நமக்குக் கையில் இருந்தது மொபைல்தான். மறுக்கவில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஆனால் அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது அது அவர் பத்திரிகை. 1920-ல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தபோது, காசு கொடுத்தாலும் விளம்பரம் போட மாட்டோம் என்றது திலகரின் 'கேசரி'. விளம்பரம்தான் போகாது, பத்திரிகை நிற்காது. வாசகர் யார், எந்த ஊர் என்கிற முகவரி அவர்கள் கையில் இருந்தது. ஐம்பதாயிரம் பேர் பின்தொடரும் பக்கம் நம்முடையது என்கிறோமே, அந்த ஐம்பதாயிரத்தில் எத்தனை பேரின் தொலைபேசி எண் நம்மிடம் இருக்கிறது? கூட்டமாகச் சேர்ந்து ஒரு பக்கத்தைப் புகாரளித்து முடக்குவது எவ்வளவு எளிது என்று நம் எதிரிகளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவன் பட்டா நிலத்தில் குடிசை போட்டுவிட்டு வீடு கட்டிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தளங்களை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருக்கிறோம் என்கிற பதிலோடு அவர்களை விட்டுவிடாதீர்கள். தமிழில் வரும் புகாரைப் படிக்க எத்தனை பேரை வைத்திருக்கிறாய், அவர்களுக்கு என்ன சம்பளம், புகார்ப் பட்டியலில் சாதி ஏன் இல்லை என்று கேட்போம். நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி நம் உறுப்பினர்களை நச்சரிப்போம். ஓட்டு கேட்டு வருகிறார்களே, இதற்கும் உதவட்டும்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன தை மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் பெயர், ஊர், தொலைபேசி எண்ணை அதில் எழுத வேண்டும். இப்போது 112 பேர் இருக்கிறார்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம்.