படிப்பிலும் ஜாதியா?

நம் நாட்டில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறினவுடன் ஊரார் கேட்கிற முதற் கேள்வி, "எந்தக் குரூப்?" என்பதாகும். விஞ்ஞானம் எடுத்தவன் மேல் ஜாதி, சரித்திரமும் இலக்கியமும் எடுத்தவன் கீழ் ஜாதி என்பதாகப் பதினைந்து வயதிலேயே முத்திரை குத்தி விடுகின்றோம். பிறகு சர்வகலாசாலைக்குப் போனாலும் ஒருவர் தெருவில் மற்றவர் நடப்பதில்லை.

இந்தப் பேதம் நமக்கு மாத்திரம் உரியதல்ல. பௌதிக விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி.பி. ஸ்நோ, படித்த கூட்டமே இரண்டாகப் பிளந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் நிற்கின்றதென்று 1959இல் கேம்பிரிட்ஜில் எடுத்துரைத்தார்.

"அவனவன் படிப்பை அவனவன் பார்த்துக் கொள்ளட்டுமே, இதனால் என்ன நஷ்டம்?" என்று சில கனவான்கள் கேட்கலாம். வருணாசிரமக்காரர் சொல்லும் சமாதானமும் இதுதானே! நஷ்டம் என்னவென்று பார்ப்போம்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு பழந்துணி இருக்கின்றது. ஏசுநாதரின் உடலைச் சுற்றிய துணியென்று பலர் அதை வணங்குகின்றார்கள். 1389இல் பிரான்சு தேசத்துப் பிஷப் ஒருவரே, இது காணிக்கை வரும்படிக்காக மனிதன் தீட்டின சித்திரமென்று போப்புக்கு எழுதி வைத்தார். ஆனால் வெறுங் கடிதத்தை, "பொறாமையால் எழுதியது" என்று தள்ளிவிடுவது எளிது. 1988இல் ஆக்ஸ்போர்டு, ஜூரிச், அரிசோனா ஆகிய மூன்று இடத்துச் சோதனைச்சாலைகள் அத்துணியின் துணுக்குகளைச் சோதித்தன. செடி செத்த பின் அதிலுள்ள ரேடியோ கார்பன் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்ற கணக்கைக் கொண்டு, அத்துணி 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டதென்று தெரிவித்தன. இந்த எண், செய்தவன் நோக்கத்தைச் சொல்லாது. அந்தக் கடிதம், துணியின் வயதை மெய்ப்பிக்காது. இரண்டும் சேர்ந்த பிறகே விஷயம் வெளிச்சமாயிற்று.

வெளிநாட்டுச் சங்கதி எதற்கு? நம் கீழடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே தோண்டினபோது கரித்துண்டும் கிடைத்தது, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்தது. கரிக்கு வயது சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. ஓட்டுக்கு எழுத்துண்டு, அதில் தேதியில்லை. கரியைச் சோதித்ததைக் கொண்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை அவ்விடத்து வாழ்வு போகின்றதென்று மாநிலத் தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. அந்தக் காலக் கணக்கைப் பற்றி வாதம் எழுந்தது. வாதம் நடக்கட்டும், அதுதான் அறிவுக்கு அழகு. ஆனால் அந்த வாதத்தில் நம் பிள்ளை வாய் திறக்க வேண்டாமா? எழுத்து மாத்திரம் கற்றவன் சோதனைச்சாலையை நம்ப வேண்டும். சோதனை மாத்திரம் கற்றவன் புலவரை நம்ப வேண்டும். வேத வாக்கு வேண்டாமென்றவன், பிறர் வாக்கையே வேதமாகக் கொள்வதா என்று கேட்கின்றோம்.

எல்லாவற்றையும் ஒருவனே கரைத்துக் குடிக்க முடியாதென்பது உண்மை. ஒரு துறையில் ஆழ்ந்துதான் கற்க வேண்டும். நாம் கேட்பது அதுவல்ல. விஞ்ஞான மாணவன், ஒரு பழைய கல்வெட்டையோ ஆவணத்தையோ எப்படிச் சந்தேகித்துப் படிப்பதென்று கற்கட்டும். இலக்கிய மாணவன், ஓர் அளவை எப்படி எடுக்கின்றார்கள், அதில் எவ்வளவு பிழை வரக்கூடுமென்று சோதனைச்சாலையிலேயே நின்று பார்க்கட்டும். இதைப் பரீட்சைக்கு உருப்போட்டு மறக்கிற உபரிப் பாடமாக்காமல், இருவரையும் ஒரே கேள்வியின் முன் உட்கார வைத்து நடத்த வேண்டும்.

பெற்றோர்களே! "எந்தக் குரூப்?" என்று கேட்பதை நிறுத்தி, "எதை எப்படிச் சோதித்தறியக் கற்றாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வீட்டில் பிறந்தால்தான் சர்வகலாசாலையின் சுவர் இடியும்.