வரைபடம் வரும்வரை காத்திருப்பதா?

காலநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்குகளிலே அண்மைக்காலமாக ஒரு வாதம் அடிக்கடி தலைகாட்டுகின்றது. உலகம் வெப்பமடைவது உண்மைதான்; ஆயினும் நமது மாவட்டத்துக்கும் நமது குளத்துக்கும் என்ன நேரும் என்பதைத் திட்டமாகக் கூறும் நுண்ணிய எதிர்வுகூறல் இன்னும் நம் கையில் இல்லை; அது கிடைத்த பின்னரே காரியத்தில் இறங்குவது விவேகம் என்பதே அவ்வாதம். கேட்பதற்கு விஞ்ஞானபூர்வமாக ஒலிக்கும் இவ்வாதம் யாருடைய நலனுக்கு உதவுகின்றது என்பதை நாம் ஆராய்ந்தாக வேண்டும்.

முதலிற் கருவியை விளங்கிக்கொள்வோம். உலகக் காலநிலை மாதிரி என்பது வளிமண்டலத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இயக்கத்தைப் பௌதிக விதிகளின்படி கணினியிற் கணிக்கும் முறையாகும். அக்கட்டங்கள் பெரும்பாலும் நூறு கிலோமீற்றர் அளவினவாகவோ அதனிலும் அகன்றனவாகவோ இருக்கும். ஏறத்தாழ 435 கிலோமீற்றர் நீளமும் 225 கிலோமீற்றர் அகலமும் கொண்ட நமது தீவு அதில் ஒரு சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலை அங்கே ஒரு சிறு மேடாகத் தேய்ந்துவிடும். மலை தேய்ந்தால் நமது மழையின் கதை முழுவதுமே பிழைத்துவிடும். தென்மேற் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலே ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வரண்ட காற்றாக இறங்குகின்றது. மட்டக்களப்பு மக்கள் அதனைக் கச்சான் என்பர். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் சரிவுகளும் 1,000 மில்லிமீற்றரைக்கூட எட்டாத மன்னார்க் கரையும் இச்சிறு தீவிலேதான் உள்ளன.

இக்குறையை நீக்க எழுந்ததே பிரதேசக் காலநிலை மாதிரி. அது உலகின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சிறிய கட்டங்களாக்கிக் கணிக்கின்றது. அப்பகுதியின் எல்லையிலே நுழையும் காற்றும் ஈரமும் உலக மாதிரியிலிருந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டப்படும். 2009ஆம் ஆண்டு தொடங்கிய கோர்டெக்ஸ் என்னும் சர்வதேச முயற்சியின் தென்னாசியக் கணிப்புகளிற் பல 50 கிலோமீற்றர்க் கட்டமுடையவை. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடையிலான நேர்தூரம் அதனிலும் குறைவு! முன்னது தென்மேற் பருவத்திலும் பின்னது வடகீழ்ப் பருவத்திலும் பெருமழை காணும் ஊர்கள் என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான்.

இதனைக் காரணங்காட்டி, இவையெல்லாம் மேல்நாட்டாரின் கணக்குவித்தை என்று ஒதுக்கும் நண்பர்களும் நம் பக்கத்திலே உளர். அவர்களோடு நான் உடன்படேன். பரவலாகப் பயன்படும் பிரதேச மாதிரிகளுள் ஒன்று இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து நிலையத்திலே வளர்க்கப்படுவது. வறிய நாடுகளின் விஞ்ஞானிகள் தனித்துப்போகாதிருக்கவென்று பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய நிலையம் அது. அம்மாதிரியை எவரும் கட்டணமின்றிப் பெற்று இயக்கலாம். கையிற் கிடைத்த கருவியைக் கற்காமல் வசைபாடுவது முற்போக்கு ஆகாது.

ஆனால் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலே தெளிவு வேண்டும். உலக மாதிரி பருவக்காற்றைப் பிழையாகக் காட்டினால், பிரதேச மாதிரி அதே பிழையை இன்னும் அழகிய வண்ணங்களில் தீட்டித் தரும். கட்டம் சிறுத்ததனால் உண்மை பெருகிவிடுவதில்லை. வெப்பம் உயரும் என்பதில் மாதிரிகள் யாவும் ஒருமித்து நிற்கின்றன. ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை வலுக்கும். இதுவும் பௌதிகம். ஒரு மாவட்டத்திலே வடகீழ்ப் பருவ மழையின் மொத்த அளவு கூடுமா குறையுமா என்று கேட்டால்தான் அவை முரண்படுகின்றன.

அந்த முரண்பாட்டைத் தீர்க்க முதலில் மழைமானி வேண்டும். மாதிரியின் தரத்தை உரைத்துப் பார்ப்பது கடந்த காலத்தின் அளவீடுகளைக் கொண்டே. இலக்கண நூல்கள் கார்காலத்தை ஆவணி, புரட்டாசி என்கின்றன. யாழ்ப்பாணத்து மழையோ ஐப்பசி, கார்த்திகையிலே பெய்கின்றது. ஒரு நிலத்தின் பொழுதை இன்னொரு நிலத்துக்கு அப்படியே எழுதிவிட முடியாது என்பது தமிழ் படித்தவருக்குப் புதிய செய்தியன்று. போர்க்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் பல நிலையங்களின் பதிவுகள் அறுந்துபோயின. எனவே போரினால் அதிகம் இழந்த மக்களின் வயல்களுக்கே மிகவும் ஐயத்துக்குரிய எதிர்வுகூறல் வாய்க்கின்றது. மலையகத்தின் கதை வேறு. அங்கே தோட்டத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மழையை நாள்தோறும் அளப்பித்தனர். தேயிலைக்காக அளந்தார்கள், லயன்களுக்காக அல்ல.

இனி, நுண்ணிய வரைபடம் வந்துவிட்டால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. ஐம்பது கிலோமீற்றர்க் கட்டத்தைப் பற்றிய எச்சரிக்கையா அது? குறித்த மலைச்சரிவையும் குறித்த லயன் வரிசையையும் பற்றிய எச்சரிக்கை! அதனினும் நுண்ணிய உள்ளூர் அறிவு வேறென்ன உண்டு? எனினும் மக்கள் அங்கேயே கிடந்தார்கள். போவதற்கு அவர்களுக்கென ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மலையகச் சரிவுகள் மீண்டும் இடிந்தன.

நிச்சயமின்மை என்ற சொல் இந்நாட்டிலே விசித்திரமான முறையிற் பிரயோகிக்கப்படுகின்றது. பல்லாயிரம் கோடி ரூபா செலவிலே துறைமுகமும் நெடுஞ்சாலையும் அமைக்க முனைந்தபோது, வருமானத்தைப் பற்றிய எதிர்வுகூறல் நுண்ணியதா என்று எவரும் தயங்கி நின்றாரில்லை. லயனில் வாழ்பவனுக்குக் காணியும், கிணற்று நீரை நம்பி வெங்காயம் செய்பவனுக்கு நீர்ச் சேமிப்பும் கேட்கும்போது மட்டும் விஞ்ஞானத்தின் பெயரால் பொறுமை உபதேசிக்கப்படுகின்றது.

பிரதேச மாதிரிகளை நமது பல்கலைக்கழகங்கள் தாமே இயக்க வேண்டும். அந்நிய ஆலோசகர் தரும் வண்ணப் படத்தை அறிக்கையில் ஒட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். பொதுப்பணத்தில் அளக்கப்பட்ட மழையின் பதிவுகள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் அறுந்த நிலையங்களை மீட்பதோடு, பாடசாலை தோறும் ஒரு மழைமானியை நிறுவி மாணவரைக் கொண்டு அளப்பித்தல் பெருஞ்செலவான காரியமன்று. அபாயச் சரிவுகளிலுள்ள லயன்களின் பட்டியலோ எந்தக் கணினிக்காகவும் காத்திருக்கவில்லை. அவற்றிலுள்ள குடும்பங்களுக்கு அடுத்த ஐப்பசிக்கு முன் காணி வழங்கப்படுமா என்பதே நாம் ஆட்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி.