வெட்கம் யாருக்கு உரியது?

"வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றைக் கட்டிக்கொள்கிறார்கள்."

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில், ஓர் இடைவேளைப் பொழுதில், நண்பர் ஒருவர் இவ்வாறு கூறினார். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு அது. சொல்லாட்சி நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தோம். தமிழ் படித்தவள் என்ற உரிமையில் அதை இரசித்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஏனெனில், அன்று எனக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நெடுந்தீவில் வாழும் என் பெரியம்மாவின் மகளும் அதே சிகிச்சையைக் கொழும்பில் செய்துகொண்டு திரும்பியிருந்தார். வெளிநாட்டிலுள்ள தமையன் அனுப்பிய பணத்தில், ஒரு தனியார் வைத்தியசாலையில் அது நடந்தது. ஊருக்குப் "பித்தப்பையில் கல்" என்று சொல்லியிருந்தார். எனக்கும் அதையே சொன்னார். என் போன்றோரின் சிரிப்பு அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போலும்!

ஒன்றரை மாதம் கழிந்தது. எதை உண்டாலும் வாந்தி. கால்கள் மரத்தன; நடக்கையில் தள்ளாடினார். "செய்வினை" என்றது ஒரு வீடு. "நல்லாய் மெலிஞ்சிட்டாய்" என்று பாராட்டியது மறுவீடு. யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்லப் படகேறினோம். நயினாதீவுத் திருவிழாவுக்காக இலண்டனிலிருந்து வந்து, தம் பூர்வீக வீட்டைப் பார்க்க நெடுந்தீவு வரை வந்து திரும்பிய ஓர் அம்மையார் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அக்காவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, சத்தி எத்தினை நாளா?"

"ஒண்டரை மாசம்."

"வயித்திலை ஒப்பரேசன் ஏதும் செய்தனீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

"நானும் ஏழு வரியத்துக்கு முன்னம் செய்தனான். டொக்டரிட்டை முதல் வேலையா அதைச் சொல்லுங்கோ. சேலைன் ஏத்த முன்னம் விற்றமின் பி1 ஊசி வேணுமோ எண்டு கேளுங்கோ. வெக்கப்பட்டால் கால் போயிடும், தங்கச்சி."

அக்கா சொன்னார். ஊசி ஏற்றப்பட்டது. வாரங்கள் சென்று நடந்தார். விரல் நுனிகளில் மரப்பு மட்டும் இன்னும் எஞ்சியிருக்கிறது.

அந்த அம்மையார் வைத்தியர் அல்லர். இலண்டனில் சிகிச்சை பெற்றவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்களாம். அங்கே இன்னொரு நோயாளி தம் அனுபவத்தைக் கூறக் கேட்டவர் அவர். அந்தச் சொல்லின் உண்மையை மருத்துவ நூல்கள் உறுதிப்படுத்துகின்றன. பி1 எனப்படும் தயமின் நம் உடலில் சில வாரங்களுக்கு மட்டுமே சேமிப்பில் இருக்கும். வாந்தி நீடித்தால் அது தீர்ந்துபோகும். நரம்பும் மூளையும் தாக்கப்படும். அந்நிலையில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோசை ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகலாம். இது புதிய நோயுமன்று. தீட்டிய அரிசியையே தின்று வாழ்ந்த கீழ்த்திசை ஏழைகளைக் கொன்ற பெரிபெரிதான் இது. அப்பெயரே சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்று அகராதிகள் கூறும். யாவாவில் கோழிகளை ஆராய்ந்து இதன் காரணத்துக்கு வழிகாட்டிய ஐக்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். இத்தனை காலமாக அறியப்பட்ட உண்மை, என் அக்காவுக்கு மட்டும் படகில் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தவர் வழியாகத் தற்செயலாகக் கிடைக்க வேண்டியிருந்தது ஏன்? இதுவே என் கேள்வி.

*

முற்போக்கு நண்பர் சிலர் வேறொரு கேள்வியை எழுப்புவர்: "பசித்த வயிறுகளைப் பற்றி எழுத வேண்டிய பக்கங்களில் பருத்த வயிறுகளைப் பற்றி எழுதுவதா? இது பணக்காரரின் நோயன்றோ?"

நண்பர்களே, அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2022இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமன் உடையவராக இருந்தார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு கோடிக்கும் அதிகமானோர்! இத்தனை பேரும் சீமான்களா?

எங்கள் தீவுகளையே பாருங்கள். ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் மீனும் முருங்கையிலையும் உண்டு, வெயிலில் உழைத்து வாழ்ந்த மக்கள் இவர்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் இவர்களைத் தீவுகளிலிருந்து துரத்தியது. இடம்பெயர்ந்தவனுக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று நிவாரணம் அளந்தார்கள். கடலும் தோட்டமும் பறிபோன குடும்பம் மாவிலும் சீனியிலும் உயிர் தாங்கியது. திரும்பி வந்தபோது பனைகள் பல எரிந்திருந்தன. பாணும் பிஸ்கட்டும் சோடாவும் கடைகளில் குவிந்திருந்தன. 2022இல் நாடு திவாலானபோது உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஓராண்டில் 90 வீதத்தைத் தாண்டியது. ஏழையின் கோப்பையிலிருந்து முதலில் அகன்றவை முட்டையும் மீனும் பாலும். மிஞ்சியவை சோறும் மாவும் சீனித் தேநீரும். மலிந்ததைத் தின்னும்படி மனிதனை விட்டுவிட்டு, தின்றவன் பருத்ததும் "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று தீர்ப்பளிப்பது எந்த நியாயம்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2016இல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் வந்தன. 2017 நவம்பரில் அப்பானங்களிலுள்ள சீனியின் அளவுக்கேற்ப வரி வந்தது. அடுத்த ஆண்டு முடியும்போதே அவ்வரி குறைக்கப்பட்டது. நோயாளியின் நாக்கைக் கட்டச் சொல்லும் சமுதாயம், வியாபாரியின் கையைக் கட்ட வரும்போது எவ்வளவு விரைவில் களைத்துப் போகிறது!

*

இனி, சந்தைக்கு வருவோம்.

விளம்பரங்களில் இரண்டு படங்களைக் காட்டுகிறார்கள். "முன்" என்றொரு படம். "பின்" என்றொரு படம். முதற்படத்தில் சோகம், இரண்டாவதில் புன்னகை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டில் எத்தனை இரவுகள், எத்தனை வாந்திகள், எத்தனை இரத்தப் பரிசோதனைகள் அடங்கியுள்ளன என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை. 2024 ஏப்ரலில், புதுச்சேரியிலிருந்து சென்னையிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு இச்சிகிச்சைக்காகச் சென்ற ஓர் இளைஞன் உயிரிழந்தான். தமிழ்நாட்டு அரசு விசாரணை நடத்தி அவ்வைத்தியசாலையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தச் செய்தி இரண்டு வாரம் பேசப்பட்டது, விளம்பரங்கள் ஓயவில்லை.

இதனால் இச்சிகிச்சையே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அது அறிவுக்கு மாறான பேச்சு. சுவீடனில் 1987இல் தொடங்கிய பேராய்வு, சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் குறைவு என்று 2007இல் காட்டியது. நீரிழிவு பலருக்குத் தணிகிறது. தேர்ந்த நிலையங்களில் சிகிச்சையினால் இறப்போர் ஆயிரத்தில் ஓரிருவரே. பசி என்பது ஒழுக்கக் கேடன்று என்பதற்கும் இதுவே சாட்சி. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் கண்டறிந்தார்கள். எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டி, செலவைச் சுருக்கி, இழந்ததை மீட்கப் போராடுகிறது. இரைப்பையின் முக்கால் பங்கை அகற்றும்போது அச்சுரப்பின் பெரும்பகுதியும் அகல்கிறது. எனவே, இதைச் "சோம்பேறியின் குறுக்குவழி" என்போர் உடலையும் அறியார். அவ்வழியின் மேடு பள்ளங்களையும் அறியார்.

யாருக்கு இது பொருந்தும்? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண் 81 கிலோ இருந்தால் விடை 35. அந்த 35ஐயும் அதற்கு மேலும் உடையோருக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், நீரிழிவு இருப்பின் 30இலும், ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே எண்ணிப்பார்க்கலாம் என்றும் சர்வதேச சத்திரசிகிச்சை அமைப்புகள் 2022இல் வரையறுத்தன. கலியாணப் புகைப்படத்துக்காக ஐந்து கிலோ குறைக்க விரும்புவோருக்கு உரியதன்று இது.

*

அந்த அம்மையார் குறிகட்டுவான் இறங்குதுறை வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். பின்னர் தொலைபேசியிலும் பேசினார். அவர் சொன்னவற்றை வைத்தியர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பின்பே இங்கே தருகிறேன்.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை: செய்பவர் இதில் எத்தனை பேருக்குக் கத்தி பிடித்தவர்? போசணை ஆலோசகர் உண்டா? வெட்டிய பின் எத்தனை ஆண்டுகள் என்னைப் பார்ப்பீர்கள்? இரவில் வலி வந்தால் யாரை அழைப்பது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கேனும் உண்மை தெரிந்திருக்கட்டும்.

முதல் வாரங்களில் திரவம்; பிறகு கடைந்தது; பிறகு மென்மையானது. அவித்த மீனும் முட்டையும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். பாணும் புட்டும் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு சிறு கிண்ண உணவுக்கு அரைமணி நேரம் ஆகட்டும். உண்ணும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம். குடலை மாற்றி இணைத்தவர்கள் சீனித் தேநீர் குடித்தால் நெஞ்சு படபடத்து வியர்த்துச் சோரலாம். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை ஆயுள் முழுவதும் வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். நோவுக்குக் கடையில் வாங்கும் டைகுளோபினாக் போன்ற குளிசைகள் புண்ணை உண்டாக்கும். நீரிழிவு மருந்தின் அளவு விரைவில் குறைய வேண்டியிருக்கும். வைத்தியரைக் கேளாமல் பழைய அளவையே விழுங்கினால் மயக்கம் வரும். சில மாதங்களில் தலைமயிர் உதிரும்; பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும். ஆயினும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவைத் தள்ளிப்போடுவதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: முதல் வாரங்களில் காய்ச்சல், நாடித் துடிப்பு 120க்கு மேல், ஓயாத வயிற்றுவலி, இடது தோள்மூட்டில் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தைத்த இடம் கசிகிறதோ என்று அஞ்ச வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடல். அப்பால் யாழ்ப்பாணம் வரை தெரு. காற்றுக் கடுமையான நாளில் படகே இல்லை. எங்கள் மக்களுக்கு இந்த அறிவு எத்துணை அவசியம் என்பதைக் கடல் அறியும். கொழும்பில் பணம் வாங்கியோர் அறியார்.

மனத்தைப் பற்றியும் சொன்னார். "மெலிஞ்ச பிறகும் கண்ணாடியிலை பழைய ஆள்தான் தெரிவா. இரண்டு வரியத்தாலை எடை கொஞ்சம் திரும்பும். தோத்துப்போனன் எண்டு ஒளிக்காதேங்கோ, கிளினிக்குக்குப் போங்கோ." அன்னதானப் பந்தியில் "இன்னும் ஓர் அகப்பை" என்று வற்புறுத்துவோரிடம் என்ன சொல்வதென்றும் கற்பித்தார். ஒரே சொல்: "போதும்." காரணம் கூறக் கடமைப்பட்டவர் யாருமில்லை.

இந்த அறிவு வைத்தியருக்கு மாற்றாகாது. தன் உடலுக்கு ஒத்தது பிறர் உடலுக்கும் ஒக்கும் என்று மருந்து சொல்பவர் ஆபத்தானவரே. ஆனால், எதை மறைக்கக்கூடாது, எப்போது ஓட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்சென்றவரைப் போல யாராலும் சொல்ல முடியாது. அது விற்பனைக்குரிய சரக்காகக்கூடாது. பொதுச் சொத்தாக வேண்டும்.

ஆகவே, கேட்கிறேன். இலவச மருத்துவத்தைப் பெருமையாகப் பேசும் நாட்டில், இச்சிகிச்சை தேவைப்படும் ஏழைக்கு அரச வைத்தியசாலையில் அது கிட்ட வேண்டும். எங்கே செய்துகொண்டவராயினும், தொடர் பரிசோதனையும் பி12 ஊசியும் தீவு வைத்தியசாலைகளிலேயே கிடைக்க வேண்டும். சிகிச்சை பெற்றோர் மாதம் ஒருமுறை கூட, வைத்தியரோ தாதியோ உடனிருக்க, ஓர் அறை வேண்டும். ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றனவே, பத்திரிகை வாசிப்பதற்கு மட்டுமா அவை?

எங்களுக்கும் ஒரு வேலை உண்டு, ஆசிரியத் தோழர்களே. எட்டாம் வகுப்பின் கடைசி வாங்கில் பருத்த பிள்ளை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கிறது. வகுப்பில் அப்பெயர் ஒலிக்கும்போது நாம் கேளாதவர்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். சில வேளைகளில் நாமே சூட்டியதும் அதுவே. அந்தப் பிள்ளை இருபது ஆண்டுகள் கழித்து வைத்தியரிடம்கூட உண்மையை மறைக்கும். மறைப்பதற்கான முதற்பாடத்தை அது எங்கே கற்றது?

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் அதே நண்பர் அதே வசனத்தை மீண்டும் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அக்காவின் கதையை, அவருடைய அனுமதியோடு, முழுவதும் சொன்னேன். அறை அமைதியாயிற்று. மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குச் சென்ற பின், ஓர் ஆசிரியை மட்டும் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ரீச்சர், அந்த அம்மாவின்ரை ரெலிபோன் நம்பர் தருவீங்களோ?"