யார் எண்ணுகிறார்கள்?
கொல்கத்தாவின் சால்ட் லேக் வீடுகளுக்குக் காலையில் கூலிக்குப் பாத்திரம் தேய்க்க வரும் பெண், மக்கள்தொகைக் கணக்கில் உழைப்பாளி. அதே பாத்திரத்தைத் தன் வீட்டில் தேய்க்கும் இல்லத்தரசி ‘வேலை செய்யாதவர்’. இது ஏன் என்று கேட்கும் படிப்புதான் மகளிரியல். ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1988இலேயே இதற்கெனத் தனிப்புலம் கண்டது. ஆனால் இதை இளங்கலையில் முதன்மைப் பாடமாக எடுக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், வேலை கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை, ஆனால் வரலாறு படிப்பவருக்கும் அதே கேள்விதானே? சமூகவியலில் ஒரு தாளாக வைத்தால் போதாதா என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். போதாது. ஓர் உதாரணம்: இந்தியாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 பெண்கள், 1971இல் 930. பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லார் கண்முன்னும் அச்சான எண்கள்தாம். வீணா மஜும்தார் உறுப்பினர் செயலராக இருந்த, இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த அரசுக் குழு, 1974 அறிக்கையில் அவற்றைப் பெண்ணின் பக்கம் நின்று படித்த பிறகுதான் அந்தச் சரிவு பொதுவிவாதமானது. அப்படிப் படிக்கும் கண், ஒரு பருவத்துத் தாளில் பழகிவிடாது. மூன்று வருஷம் வேண்டும்.