குற்றவாளி ரக்பி அல்ல

வேல்ஸின் நியூபோர்ட்டில், ராட்னி பரேட் மைதானத்தின் புல்தரையை ரக்பிக்காரர்கள் உழுது நாசமாக்கிவிட்டார்களாம். அவர்களை விரட்டினால்தான் நியூபோர்ட் கவுன்டி கால்பந்து அணி பிழைக்குமாம். இப்படி ஓர் அன்பர் பொங்கியிருக்கிறார்.

அங்கே 1877 முதல் ரக்பி நடக்கிறது. கவுன்டி வந்து சேர்ந்தது 2012இல். நேற்றுக் குடிவந்தவர் வீட்டுக்காரரைப் பார்த்து “எப்போது காலி செய்கிறாய்?” என்கிறார். துணிச்சல்தான்!

கவுன்டியின் பழைய மைதானமான சோமர்ட்டன் பார்க்கை நினைத்து உருகுகிறார்: அது நமக்கே நமக்கான மைதானமாம். அப்படியா? ஆடுகளத்தைச் சுற்றி நாய்ப் பந்தயம் ஓடியது யாருக்காக? 1964 முதல் 1977 வரை அதே இடத்தில் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்கள் உறுமியதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்? ரக்பியின் ஸ்க்ரம் என்ற பேச்சே இல்லாத அந்தக் காலத்தில்தான் கிளப் கடனில் மூழ்கி, 1989இல் இழுத்து மூடப்பட்டது. மறுபிறவி எடுத்த அணி, சொந்த ஊர் ஆட்டத்தை இங்கிலாந்தின் மோர்ட்டன்-இன்-மார்ஷில் போய் ஆடியது. அதையும் ரக்பி தலையில் கட்டுவாரோ?

ஸ்க்ரம் தரையைக் கிழிக்கும். யார் இல்லையென்றது? பதினாறு தடியர்கள் தோளோடு தோள் முட்டி, ஆணி பூட்ஸை ஊன்றித் தள்ளினால் ஈர மண் பெயர்ந்து வரத்தான் செய்யும். குளிர்காலத்தில் புல்லும் சட்டென்று வளர்ந்து மூடாது. ஆனால் 2017இல் வேல்ஸ் ரக்பி யூனியன் மைதானத்தை வாங்கி, இயற்கைப் புல்லுக்கிடையே செயற்கை இழை தைத்த கலப்புத் தரை போட்டது. டிராகன்ஸ் ரக்பி அணி வெளியேறவில்லை, ஸ்க்ரமும் நிற்கவில்லை. அதே தரையில் 2018 ஜனவரியில் கவுன்டி லீட்ஸை 2-1 என வீழ்த்தியது, டாட்டன்ஹாமை 1-1 எனக் கட்டிப்போட்டது. மறு ஆண்டு லெஸ்டர் சிட்டிக்கும் அங்கேதான் தோல்வி. அன்றெல்லாம் அன்பருக்குத் தரை உறுத்தவில்லை.

தனி மைதானம் கட்ட வேண்டுமாம். நான்காம் நிலை லீக்கில் ஆடும் கிளப்புக்கு நிலம், கேலரி, விளக்குக் கம்பம் எல்லாம் யார் பணத்தில்? கட்டியே விட்டாலும் லீக்கில் உள்ளூர் ஆட்டம் ஆண்டுக்கு 23தான். மற்ற நாள்களில் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்துக் காலி நாற்காலிகளைக் காக்கலாம்.

கோபம் அவ்வளவு மிச்சமிருந்தால் அட்டவணை போடுகிறவர்களிடம் போகட்டும். மழை கொட்டும் வெள்ளி இரவு ரக்பி, மறுநாளே கால்பந்து என்று போட்டால் எந்தப் புல்லும் தாங்காது. இரண்டுக்கும் நடுவே தரை ஆற அவகாசம் கொடு, ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தைத் தரையைப் பராமரிப்பவருக்குக் கொடு என்று கேட்கட்டும். ரக்பி ரசிகர்களும் கூடவே வருவார்கள்.