ஹெட்ரெஸ்ட் தலையை முன்னே தள்ளுகிறதா? கழற்றுவதற்கு முன் இதைப் படிங்க!

புது கார் வாங்கிய வீடுகளில் முதல் மாதமே கேட்கும் புகார் இது. "மைலேஜ் பரவாயில்லை, ஏ.சி-யும் நல்லா இருக்கு. இந்த ஹெட்ரெஸ்ட்தான் தலையைப் பிடிச்சு முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கு!" சென்னையில் கிளம்பி விழுப்புரம் தாண்டுவதற்குள் கழுத்து இறுகிவிடும். திருச்சி போய் இறங்கும்போது தோள்பட்டையும் சேர்ந்து வலிக்கும்.

அடுத்து என்ன நடக்கும்? சிலர் ஹெட்ரெஸ்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டுவார்கள். சிலர் கழற்றி டிக்கியில் போட்டுவிடுவார்கள். வலி நிஜம்தான். ஆனால், இந்த இரண்டு வைத்தியமும் வலியைவிட ஆபத்தானவை. பெரும்பாலான கார்களில் ஹெட்ரெஸ்டைக் கழற்றாமலேயே இதைச் சரிசெய்துவிடலாம்.

அது தலையணை இல்லை

'ரெஸ்ட்' என்ற பெயரைக் கேட்டு, தலை சாய்த்துத் தூங்குவதற்காக வைத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். கார் பொறியாளர்கள் அதை 'ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்' என்கிறார்கள். அதாவது, தலையைத் தடுத்து நிறுத்துவது. சீட் பெல்ட் எப்படியோ, அப்படி இதுவும் ஒரு பாதுகாப்புக் கருவி. அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன் சீட்களில் இது சட்டப்படியே கட்டாயம்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். டிரைவர் சட்டென்று வண்டியை எடுத்தால் உடம்பு பின்னால் சாய்கிறது அல்லவா? பின்னால் வரும் வண்டி நம் காரை இடிக்கும்போதும் அதேதான் நடக்கிறது. கார் முன்னால் பாய்கிறது. சீட், முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே தங்கப் பார்க்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் கழுத்து பின்னால் வளைந்து, மறுபடி முன்னால் வீசப்படுகிறது. இதில் வரும் காயத்துக்குப் பெயர் 'விப்லாஷ்'.

இதற்கு அசுர வேகம் தேவையில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூர் நெரிசலிலோ, பரனூர் டோல்கேட் வரிசையிலோ நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தாலே போதும். பம்பரில் சின்ன நசுங்கல்தான் இருக்கும். கழுத்து வலியோ வாரக்கணக்கில் நீளலாம். அந்த நொடியில் தலைக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறதா, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படியானால் ஏன் தள்ளுகிறது?

தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடைவெளி குறையக் குறைய பாதுகாப்பு கூடும். அதனால்தான் அமெரிக்க விதிகள் 2009 முதல் படிப்படியாக இறுக்கப்பட்டு, முன் சீட்டில் இந்த இடைவெளி 5.5 செ.மீ-க்குள் இருக்க வேண்டும் என்று ஆனது. அதன் பிறகு வந்த பல மாடல்களில் ஹெட்ரெஸ்ட் முன்பைவிட நெருங்கி வந்துவிட்டது.

ஆனால், இந்த இடைவெளியை அளக்கும்போது சீட்டின் முதுகுப்பகுதி சுமார் 25 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நம்மில் பலர் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காருவது போல நிமிர்த்தி வைத்துக்கொள்கிறோம். சீட்டை நிமிர்த்தினால் ஹெட்ரெஸ்டும் சேர்ந்து முன்னால் வருகிறது. தலையை இடிக்கிறது. குறை பெரும்பாலும் சீட்டின் சாய்வில்தான். நாம் ஹெட்ரெஸ்டைத் திட்டுகிறோம்.

இந்த வரிசையில் சரிசெய்யுங்கள்

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் இழுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

1. முதலில் உட்காரும் விதம்: இடுப்பு சீட்டின் மூலை வரை போக வேண்டும். நுனியில் உட்கார்ந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் பலிக்காது.

2. அடுத்து சாய்வு: சீட்டை ஒரு கிளிக், தேவைப்பட்டால் இரண்டு கிளிக் பின்னால் சாயுங்கள். பலருக்கு இதிலேயே பிரச்னை தீர்ந்துவிடும். தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போது, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அதிகமாகச் சாய்த்துவிட்டீர்கள். ரொம்பச் சாய்த்தால் விபத்தில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும்.

3. பிறகு உயரம்: ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு உச்சந்தலைக்குச் சமமாக இருப்பது நல்லது. அவ்வளவு உயராத சீட் என்றால், காதின் மேல் நுனிக்காவது வர வேண்டும். கழுத்துக்கு நேராக இருந்தால், தலை அதன்மேல் மடங்கிப் பின்னால் போகும். உயர்த்த, இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். இறக்க, கம்பியின் அடியில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்த வேண்டும். 'டக்' என்று லாக் ஆன பிறகு உள்ளங்கையால் கீழே அழுத்திப் பாருங்கள். இறங்கினால் லாக் சரியில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

4. கடைசியாக இடைவெளி: தலைக்குப் பின்னால் இரண்டு, மூன்று விரல் போகும் இடம் இருந்தால் நல்லது. 10 செ.மீ-க்கு மேல் போகக் கூடாது. சில கார்களில் ஹெட்ரெஸ்டையே முன்னும் பின்னும் சாய்க்கலாம். கார் மேனுவலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நீங்கள் வழக்கம்போல உட்காருங்கள்; வீட்டில் ஒருவரை விட்டு பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். உயரமும் இடைவெளியும் அதில் தெளிவாகத் தெரியும்.

கொண்டை, கிளிப், துண்டு

பின்னந்தலையில் கொண்டையோ பெரிய கிளட்ச் கிளிப்போ இருந்தால், எந்த ஹெட்ரெஸ்டும் தலையை முன்னே தள்ளத்தான் செய்யும். நீண்ட பயணத்துக்குத் தாழப் பின்னிய சடை வசதி. அல்லது கொண்டையைக் கொஞ்சம் கீழிறக்கியோ, உச்சிக்கு ஏற்றியோ போட்டுக்கொள்ளலாம். கெட்டியான கிளிப்பைக் கழற்றி கைப்பையில் வைப்பது இடிபடும்போதும் நல்லது.

கார் வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் ஹெட்ரெஸ்டில் இருக்கிறதா? அழுக்குப் படாமல் இருக்க மடித்துச் சுற்றிய துண்டு? கட்டிவிட்ட குஷன்? இவை ஒவ்வொன்றும் தலையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளும். எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சீட் கவர் தைத்துப் போட்டவர்கள், அந்த பட்டன் துணிக்குள் மாட்டிக்கொள்ளவில்லையே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை வேண்டாமே!

திருப்பி மாட்டாதீர்கள். தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடையே பெரிய பள்ளம் உண்டாகும். பல கார்களில் கம்பியில் லாக் விழும் வெட்டு ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் திருப்பி மாட்டினால் லாக்கே ஆகாமல் போகலாம். பட்டறையில் கொடுத்துக் கம்பியை வளைப்பதும் வேண்டாம். 'கண்ணாடியை உடைத்து வெளியேறத்தான் கழற்றும்படி செய்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலையும் நம்ப வேண்டாம். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கண்ணாடி உடைக்கும் சின்ன சுத்தியல் கடையில் தனியாகவே கிடைக்கிறது.

பின் சீட்டில் யார்?

நம் வீட்டு காரில் பின் சீட் என்றால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிதான். பல கார்களில் பின் சீட் ஹெட்ரெஸ்டை இறக்கியே வைத்திருப்போம். டிரைவருக்குப் பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆள் இல்லாதபோது அது சரி. ஆள் ஏறியதும் உயர்த்திவிட வேண்டும். இறக்கிய நிலையில் அது முதுகில் குத்தினால் எரிச்சல்படாதீர்கள். 'என்னை மேலே தூக்கு' என்று நினைவூட்டவே சில கார்களில் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

நடு இருக்கையில் பல கார்களில் ஹெட்ரெஸ்டே இருக்காது. ஏற்கெனவே கழுத்து வலி இருக்கும் பெரியவரை அங்கே உட்கார வைக்காமல் ஜன்னலோர இடம் கொடுங்கள். குழந்தைகளுக்கான சைல்டு சீட் மாட்டும்போது ஹெட்ரெஸ்ட் இடித்தால், கழற்றலாமா என்பதை அந்த சீட்டின் மேனுவலும் கார் மேனுவலும் சொல்லும். சைல்டு சீட்டை எடுத்ததும் ஹெட்ரெஸ்டை மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

இடிபட்டால்...

விப்லாஷ் வலி உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ தலைகாட்டலாம். 'ஒண்ணும் இல்லை' என்று வீட்டுக்கு வந்தவருக்கு விடிந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். சுளுக்கு என்று நீங்களே முடிவுசெய்து கழுத்தை நெட்டி முறிப்பதோ, அழுத்தித் தேய்ப்பதோ கூடாது. டாக்டரைப் பாருங்கள். கை மரத்துப்போவது, பலம் குறைவது, கடும் தலைவலி, தலைச்சுற்றல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் தலை இடிக்கிறதா? முதுகின் மேல்பகுதியில் மெல்லிய குஷன் ஒன்று வைத்து, பெல்ட் சரியாகப் படிகிறதா, இடைவெளி 10 செ.மீ-க்குள் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போய் வந்தால் போதாது. உங்கள் உயரத்துக்கு சீட்டைச் சரிசெய்துகொண்டு இருபது நிமிஷமாவது ஓட்டிப் பாருங்கள். பின் சீட்டில் பாட்டியையும் உட்கார வைத்துப் பாருங்கள். இப்போது கார் வைத்திருப்பவர்களுக்கு இன்று மாலை ஐந்து நிமிஷம் போதும்: முன் சீட் இரண்டு, பின் சீட் இரண்டு.