மலிவான பூசைச் சாமான் எங்கே கிடைக்கும்?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர். நம் பத்திரிகையைத் தாம் படிப்பதோடு நில்லாமல் டீக்கடையில் நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவருமாவார். கடனை உடனை வாங்கி இரண்டு அறையில் ஒரு வீடு கட்டி முடித்திருக்கின்றார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார்தான் களையெடுத்தும் கல் சுமந்தும் அவரை ஆளாக்கியவர். அந்த அம்மையார், கணபதி ஓமம் செய்யாமல் புது வீட்டில் காலெடுத்து வைக்கக்கூடாதென்று பிடிவாதம் செய்கின்றாராம். புரோகிதரும் ஒரு ஜாபிதா எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் 47 உருப்படிகள். "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மாவுக்காகச் செய்யவேண்டியிருக்கிறது. மதுரையில் எந்தக் கடையில் இச்சாமான்கள் மலிவாய்க் கிடைக்கும் என்று தெரிவித்தால் உதவியாயிருக்கும்" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

இதைப் பார்த்த நம் நண்பர்கள் சிலர், "சுயமரியாதைக்காரர்களிடம் வந்து ஓமச் சாமான் விலை விசாரிப்பதா?" என்று சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால், நம்பிக்கை போனபின்பும் செலவு போகாமல் நிற்கும் வீடுகள்தான் இன்று நம் நாட்டில் அதிகம். ஆகவே தோழர் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லுவோம். ஜாபிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கே போவோம்.

மதுரையில் பூசைச் சாமானுக்குப் பஞ்சமில்லை. மீனாட்சி கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கர்ப்பூரம், குங்குமம், மஞ்சள் கயிறு, செப்புத் தகடு, ஓமக் குச்சி, பித்தளை விளக்குதான். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபமே நெடுங்காலம் பாத்திரக் கடைகளும் தையற்காரர்களும் நிறைந்த சந்தையாக இருந்தது. இன்றோ கடைவீதிக்குப் போகவும் வேண்டியதில்லை. கைப்பேசியைத் தட்டினால் ஓமச் சாமான் முழுதும் ஒரே பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் தோழர்களே, கடைக்காரரிடம் நெய் என்று கேட்டுப் பாருங்கள். "சாப்பிடவா, விளக்குக்கா?" என்று திருப்பிக் கேட்பார். பாக்கு என்றால், "போடவா, பூசைக்கா?" என்பார். வேட்டி என்றால், "உடுத்தவா, தானத்துக்கா?" என்பார். சாப்பிடுவதற்கு ஒரு நெய், சாமிக்கு ஒரு நெய்! மனிதன் மெல்லுவதற்கு ஒரு பாக்கு, சாமிக்கு வைப்பதற்குச் சொத்தைப் பாக்கு! உடுத்தினால் உடம்பு தெரியும் தானத் துண்டு, விரலால் அழுத்தினால் நசுங்கும் தானச் சொம்பு! தீப எண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அது உணவுக்கு ஆகாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மனிதன் வாயில் வைக்கலாகாததை ஆண்டவன் முன்னே ஏற்றுகிறோம். மலிவான பூசைச் சாமான் என்ற ஒரு தனிச் சரக்கு கடையில் இருக்கிறதே, இது ஒன்றே போதாதா? வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் வாங்கச் சொல்லுகிறவனுக்கும் இதில் உண்மையான நம்பிக்கை கிடையாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

நிற்க, இதைக் காட்டிலும் மலிவான வழி ஒன்று புரோகிதர் கையிலேயே இருக்கின்றது. பூசை நடக்கும்போது சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். சாமிக்கு வஸ்திரம் சாத்தவேண்டிய கட்டம் வரும். வஸ்திரம் இராது, அதற்குப் பதிலாக இரண்டு அட்சதையைப் போடச் சொல்லுவார். ஆபரணம் சாத்தவேண்டும், அதற்கும் அட்சதை. ஆசனத்துக்கும் அட்சதை. திவசத்தில் பசுமாடு தானம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கையில் சில்லறையோ தேங்காயோ வாங்கிக்கொள்ளுவதும் உண்டு. சரி, பட்டுக்கும் பொன்னுக்கும் பசுவுக்கும் பதிலாக நாலு அரிசி போதும் என்று சாமியும் பிதிரும் ஒப்புக்கொள்ளுகிறபோது, 47 உருப்படிகளுக்கும் பதிலாக ஒரு பிடி அரிசி ஏன் போதாது? அதுதான் கிடக்கட்டும், கடைசியில் தட்சணை என்று ஒரு கட்டம் வருகிறதே, அப்போது, "ஐயா, தட்சணைக்குப் பதிலாக அட்சதை" என்று நாலு அரிசியை நீட்டிப் பாருங்கள்! அங்கேமட்டும் பதில் சரக்குச் செல்லாது. சாமிக்குச் செல்லுகிற அரிசி புரோகிதருக்குச் செல்லாது என்றால், இந்த ஓமத்தில் உண்மையாகவே எதையாவது பெற்றுக்கொள்ளுகிறவர் யார் என்பதைப் பிள்ளைகளும் சொல்லிவிடுமே!

இனி, இந்தச் சாமான்களின் மகிமையைப் பார்ப்போம். கர்ப்பூரம் என்பது கீழ்த்திசை நாடுகளில் ஒருவகை மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. தைவான் தீவைப் பிடித்த ஜப்பான் அரசாங்கம் 1899-ல் அந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகமாகவே ஆக்கிக்கொண்டது. இன்று நாம் கொளுத்துவதில் பெரும்பகுதி தேவதாரு இனத்து மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்ப்பன்டைனைக் கொண்டு இரசாயனச் சாலையில் செய்யப்படுவது. குங்குமத்தின் சிவப்பு அம்மன் அருளல்ல. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்ந்தால் சிவக்கும். வெற்றிலை போடுகிறவன் விரலிலும் அதே மஞ்சள் பட்டால் அப்படியே சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடக்கும் அற்புதமெல்லாம் இவ்வளவுதான். ஊதுவத்தியின் மூங்கில் குச்சி வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தது. 2020-ல் நம் சர்க்கார் அந்தக் குச்சியின் இறக்குமதி வரியை நூற்றுக்கு 10-லிருந்து 25 ஆக உயர்த்தியது. சுங்கச் சாவடியில் வரி கட்டி வந்த குச்சிக்குச் சாமி படத்துக்கு முன்னே வந்தவுடன் எங்கிருந்து தெய்வீகம் ஏறிற்று? தர்ப்பையோ கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆடு மேய்கிற இடத்தில் தானாய் முளைக்கிற புல். கட்டாகக் கட்டி நகரத்துக்கு வந்ததும் அதற்கும் ஒரு விலை!

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் நாட்டிலும் இருக்கின்றது. ஜெரால்டு கார்ட்னர் என்று ஓர் ஆங்கிலேயர். 1900-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு மலேயாவில் சுங்க அதிகாரியாயிருந்தவர். மலாய்க்காரர்களின் கிரீஸ் என்னும் குத்துவாளைப்பற்றி 1936-ல் ஒரு புத்தகமே எழுதியவர். பில்லி சூனியத்தைப்பற்றிய பழைய சட்டத்தை இங்கிலாந்து 1951-ல் எடுத்துவிட்டபின், சூனியக்காரிகளின் புராதன மதம் என்று சொல்லி 1954-ல் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். விக்கா என்று இன்று வழங்கும் மதம் பரவியது இவரால்தான். அதற்கும் ஒரு ஜாபிதா உண்டு: கறுப்புப் பிடிக் கத்தி, கோல், கிண்ணம், தகடு, தூபக்கால், கயிறு! மந்திரம் ஆங்கிலமே தவிர ஜாபிதா நம் கோடாங்கியின் ஜாபிதாவுக்கு அண்ணன் தம்பிதான். 2018-ல் அமெரிக்காவில் பெரியதொரு வாசனைப் பண்டக் கம்பெனி, புதிதாய்ச் சூனியம் பழகுகிறவர்களுக்கென்று 42 டாலர் விலையில் ஒரு பெட்டியை விற்க ஏற்பாடு செய்தது. அந்த மதத்தாரே ஆத்திரப்பட்டதால் அதைக் கைவிட்டது. அவர்களிலேயே கொஞ்சம் யோக்கியமானவர்கள், "காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, சமையல்கட்டுக் கத்தி போதும், மரத்தடியில் கிடக்கும் குச்சி போதும்" என்று சொல்லுகிறார்கள். மிக நல்லது. ஆனால் சமையல் கத்தியே போதுமென்றால், அந்தக் கத்தியை அரிவாள்மனைக்குப் பக்கத்திலேயே விட்டுவைத்துக் கத்தரிக்காய் நறுக்கினால் என்ன குறைந்துவிடும் என்றுதான் நாம் கேட்கின்றோம். சாமானை மாற்றலாம், குறைக்கலாம், மலிவாக்கலாம் என்று ஒருவன் ஒப்புக்கொண்ட அந்த நிமிஷமே, அந்தச் சாமானால் எதுவும் நடப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டவனாகின்றான்.

அன்றியும், இச்சாமான்களைச் செய்கிறவர்கள் யார்? அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு சாத்தும் அரிவாளுக்குத் திருப்பாச்சேத்திப் பட்டறையில் பெயர் பெற்ற கொல்லர்கள் இருக்கிறார்கள். மானாமதுரையில் மண் பிசைந்து கலயமும் குதிரையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விளாச்சேரியில் மண்ணைச் சாமியாக்கி வர்ணம் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உழைப்பாளி கைப்பட்டால்தான் கலயம் கலயமாகின்றது. ஆனால் கலசம் என்று பெயர் மாறி நூல் சுற்றியவுடன், செய்தவன் கை பட்டால் தீட்டு! மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் காலெடுத்து வைத்ததே 1939 ஜூலை 8-ந் தேதிதான். அதற்கு முன் எத்தனை நூறு வருஷம் அவர்கள் அறுத்த நெல்லும் அவர்கள் வெட்டிய இளநீரும் உள்ளே போயிருக்கும்? சாமான் உள்ளே, சாமானைச் செய்தவன் வெளியே!

"சாமான் விற்றுப் பிழைக்கும் ஏழைகள் வயிற்றில் அடிக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கோவில் வாசலில் பூ விற்கும் அம்மையும் எலுமிச்சம்பழம் விற்கும் கிழவியும் நமக்கு விரோதிகளல்லர். பூவைத் தலையில் வையுங்கள், வீட்டில் வையுங்கள். மதுரை மல்லிகை மணப்பதற்கு மந்திரம் வேண்டியதில்லை. எலுமிச்சம்பழத்தைக் காரின் சக்கரத்தில் நசுக்காமல் ஊறுகாய் போடுங்கள், வியாபாரம் குறையாது. சாமானை விற்பவர்மீது நமக்குக் கோபமில்லை. இது இல்லாவிட்டால் உனக்குக் கேடு வரும் என்று பயத்தை விற்கிறானே, அந்த வியாபாரிமீதுதான் கோபம். அவன் பூணூல் போட்ட புரோகிதனாயிருந்தாலும் சரி, உடுக்கடிக்கும் நம்மவனாயிருந்தாலும் சரி, நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

பயத்தின் விலை நமக்குத் தெரியும். நம் தகப்பனார் இறந்தபோது பதினாறாம் நாளுக்கு எழுதிய ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. மலிவாய்த்தான் வாங்கினோம், கடன் வாங்கி மலிவாய் வாங்கினோம். அந்தக் கடன் வட்டியோடு அடைபடுவதற்குள் நம் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. தகப்பனார் ஆத்மா எந்த உலகத்திற்குப் போயிற்றோ, நமக்குத் தெரியாது. நாம் கடை வேலைக்குப் போனோம். அது மட்டும் தெரியும்.

இனித் தோழரின் தாயார் சங்கதிக்கு வருவோம். தோழரே! உம்முடைய ஜாபிதாவில் எழுதாத ஒரு உருப்படி இருக்கின்றது. அதை நீர் கவனித்ததாகத் தெரியவில்லை. உம் தாயார் கணவனை இழந்தவர். ஓமத்தன்று கலசத்தை எடுத்துக்கொண்டு முன்னே போக ஒரு சுமங்கலியைத் தேடுவார்கள். விளக்கேற்றச் சுமங்கலி, பால் காய்ச்சச் சுமங்கலி. எந்த அம்மாவுக்காக இந்த ஓமம் செய்கிறேன் என்கிறீரோ, அந்த அம்மாவை, "சற்று ஒதுங்கி நில்லுங்கள்" என்று சொல்லிக் கொல்லைப்புறம் நிறுத்துவார்கள். அவர் சுமந்த கல்லில் எழும்பிய வீட்டிற்குள் அவர் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்பார்கள். அவரும் அதைச் சரியென்றே எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். எத்தனை மலிவாக வாங்கினாலும் அந்த ஓமத்தின் விலை இதுதான். கொடுக்க உமக்குச் சம்மதமா?

சடங்கில்லாமல் எப்படி என்று மலைக்கவேண்டாம். 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் ஓமமும் இல்லாமல் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோதும் இப்படித்தான் மலைத்தார்கள். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாதென்று தீர்ப்புக்கூடச் சொல்லிற்று. ஆனால் 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் கொண்டுவந்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றதாகத் தங்களுக்குப் புரிந்த பாஷையில் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும். ஆயுள் முழுதும் நிற்கவேண்டிய கலியாணத்திற்கே புரோகிதரும் அக்கினியும் வேண்டாமென்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. செங்கல் வீட்டில் குடிபுக 47 சாமான் எதற்கு?

ஆகவே நம் ஜாபிதா இது: பால் ஒரு படி, அடுப்பு ஒன்று, வீட்டுச் சாவி ஒன்று. சாவியை உம் தாயார் கையில் கொடும். பூட்டை அவரே திறக்கட்டும். அடுப்பை அவரே மூட்டட்டும். பாலை அவரே காய்ச்சட்டும். கட்டிய கொத்தனாரையும் சித்தாள்களையும் அக்கம்பக்கத்தாரையும் முன்வரிசையில் உட்காரவைத்து அந்தப் பாலைக் கொடும். மிஞ்சும் ஓமப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கிப் போடும். முதலில் அவர் பயப்படுவார், கோபித்துக்கொள்ளவும் செய்வார். அவரை வைது பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஒதுங்கி நிற்கிற எந்த நல்ல காரியமும் என் வீட்டில் நடக்காது, அம்மா" என்று சொல்லும். எந்த மந்திரமும் இதற்கு ஈடாகாது.

மலிவான பூசைச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டீர். எந்தக் கடைக்கும் போகாமல் வீட்டிலேயே கிடைக்கும், தோழரே! அதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், அவ்வளவே.